நாலாயிரம் வயிறும் ஒரு சட்டியும்

அருளப்பன் மோத்தாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் முதலில் "சரி" என்று சொல்லிவிடுவான். எதற்குச் சரி சொன்னோம் என்பதை வீட்டுக்குப் போய்த்தான் யோசிப்பான். தூத்துக்குடியில் இருந்தவரை இந்தப் பழக்கத்தால் கெட்டது அவன் ஒருவன்தான். கடல் தாண்டி கானா நாட்டுக் கரையில் ஒட்டோபா என்ற ஊருக்கு வந்த பிறகு, அதே பழக்கத்தால் ஓர் ஊரே பட்டினி கிடந்தது. அதுவும் பசிக்காமலே பட்டினி கிடந்தது. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒட்டோபா, அக்ராவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கா இன மக்கள் வாழும் மீனவர் ஊர். நாலாயிரத்துச் சொச்சம் பேர். அத்தனை பேர் இடது கையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அதற்குத் 'திருப்தி' என்று பெயர். மோத்தா வேலை பார்த்த நிறுவனம் செய்தது. பசி என்பது வயிறு மூளைக்கு அனுப்பும் ஒரு சேதி, அந்தச் சேதியை வழியிலேயே மடக்கிவிட்டால் பசியே கிடையாது என்பதுதான் அதன் சூத்திரம். பசிக்காதவன் அளவோடு தின்பான், சர்க்கரை வராது, தொப்பை வராது, சோற்றுக்காகச் சண்டை வராது. ஆனால் பசிக்காதவனுக்குச் சாப்பாட்டு நேரம் எப்படித் தெரியும்? அதற்காக வளையம் ஒரு நாளைக்கு மூன்று தடவை கீ கீ என்று கத்தும். கத்த ஆரம்பித்தால் சாப்பிட வேண்டும், நின்றால் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊரில் நிறுவனத்துக்கு இருந்த ஒரே ஆள் மோத்தா.

அந்த வருடம் தினை விதைத்த மறுநாள் காலை, ஊரின் தலைமைப் பூசாரி நூமோ டெட்டே அவனுடைய ஆபீசுக்கு வந்தார். உச்சந்தலைத் தொப்பியிலிருந்து இடுப்புத் துணி வரை வெள்ளை. காலில் செருப்பு கிடையாது. வந்து உட்கார்ந்து, மின்விசிறியை ஒரு முறை முறைத்தார். மோத்தா எழுந்துபோய் அதை அணைத்தான்.

"தினை விதைச்சாச்சு," என்றார்.

"சந்தோசம் சாமி," என்றான் மோத்தா. எந்தச் சமயத்துப் பூசாரியாக இருந்தாலும் அவனுக்குச் சாமிதான். கா மொழியையும் அவன் தூத்துக்குடித் தமிழ் மாதிரியே இழுத்துத்தான் பேசுவான்.

"இனி முப்பது நாளைக்கு ஊர்ல சத்தம் கூடாது. முரசு கிடையாது, கைதட்டல் கிடையாது, சாவு வீட்டுல ஒப்பாரிகூடக் கிடையாது. தெய்வங்க பயிரைக் கவனிக்கிற நேரம் இது."

"தெரியும் சாமி. நாலு வருசமா பாக்குதேன். இந்த மாசம் நான் விசில்கூட அடிக்க மாட்டேன்."

"நீ அடிக்க மாட்டே. உன் வளையம் அடிக்குது." பூசாரி தன் கையை நீட்டினார். அவருடைய வளையத்தை வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார். "போன வருஷம் பாதி ஊர்தான் கட்டியிருந்தாங்க, பொறுத்துக்கிட்டோம். இப்ப மொத்த ஊரும் கட்டியிருக்கு. நாலாயிரம் கீச்சு ஒரே நேரத்துல கிளம்பினா அது முரசு இல்லாம வேற என்ன? நேத்து மத்தியானம் தரையில தண்ணி ஊத்தி முன்னோரைக் கூப்பிடுறேன். பேரைச் சொல்ல வாயைத் திறந்தா, கீ கீ. அவங்க என்ன நினைப்பாங்க? பேரன் நம்மளைக் கூப்பிடுறானா, எலிக்குஞ்சு வளக்கிறானான்னு நினைக்க மாட்டாங்களா?"

"சரி சாமி," என்றான் மோத்தா.

சத்தத்துக்குப் பதிலாக வளையத்தை அதிர வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவனுக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் வளையத்துக்குள் அதிர்வுக்காக வைத்திருந்த சின்ன மோட்டாரை முதல் வருடமே உப்புக்காற்று தின்றுவிட்டது. ஆகவே கணினியைத் திறந்தான், 'ஒலி' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டான். பூசாரி அவன் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போனார். ஒரு பொத்தானை அழுத்தி ஒரு பெரிய மனிதரைச் சந்தோஷப்படுத்திவிட்ட பெருமையில் மோத்தா காலையில் இரண்டு காபி குடித்தான்.

அவன் ஊரை அப்படித் தாஜா செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் மா அமெலே. அவனுடைய மாமியார்.

ஒட்டோபா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் டெடேயை அவன் கல்யாணம் செய்து மூன்று வருடம் முடிந்திருந்தது. சத்தமில்லாத மாதம் முடிந்ததும் வரும் பண்டிகைக்கு ஹோமோவோ என்று பெயர்; பசியைப் பார்த்துக் கெக்கலி கொட்டுவது என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ கா மக்கள் கிழக்கேயிருந்து நடந்து வந்தபோது பசியும் கூடவே நடந்து வந்ததாம். பிறகு விதைத்து, விளைந்து, வயிறு நிறைந்ததும், திரும்பி நின்று பசியைப் பார்த்து ஊரே ஊளையிட்டுச் சிரித்ததாம். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார வேண்டும். சட்டியில் பாமாயில் விட்டுப் பிசைந்த சோளமாவுப் புட்டு, அதன்மேல் பனங்கொட்டைக் குழம்பு, அதன்மேல் புகையில் வாட்டிய மீன். பெரியவர், சின்னவர், தாத்தா, பேத்தி என்ற மரியாதை எதுவும் அந்தச் சட்டிக்குக் கிடையாது. யார் கை வேகமோ அவர்களுக்கு மீன். அதுதான் முறை.

கல்யாணமான முதல் வருடம் மோத்தாவையும் சட்டியில் உட்கார வைத்தார்கள். அவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. பெரியவர்கள் எடுக்கட்டும் என்று காத்திருந்தான். அடுத்துச் சின்னவர்கள் எடுக்கட்டும் என்று காத்திருந்தான். வளையம் கட்டியிருந்ததால் அவசரமும் இல்லை. கடைசியில் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு விரல் புட்டை வழித்து, "போதும்" என்றான். மா அமெலே அதைப் பார்த்தாள். அந்தச் சட்டிக்காக அவள் இரண்டு நாள் அடுப்படியில் நின்றிருந்தாள்.

"பசியில்லாதவன் சட்டியில கை வைக்கக் கூடாது. இஞ்சினியருக்கு அடுத்த வருஷத்துலேருந்து தனித் தட்டு," என்றாள்.

அதோடு போயிற்று. இரண்டு வருடமாகப் பண்டிகை அன்று மொத்தக் குடும்பமும் சட்டியைச் சுற்றி அடித்துப் பிடித்துச் சாப்பிடும்போது, மோத்தா மட்டும் சுவரோரமாக விருந்தாளி மாதிரி பீங்கான் தட்டில் சாப்பிட்டான். தட்டில் நல்ல மீன்தான் இருக்கும். டெடே சட்டியிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்ப்பாள், அவன் சிரிப்பான். ராத்திரி படுத்ததும் அவளிடம், "நான் என்ன இந்த வீட்டுக்கு ஆபீஸ் விசயமா வந்தவனா?" என்று கேட்பான்.

மாமியாருக்கு அவன்மேல் வேறொரு கோபமும் இருந்தது. அவள் கெங்கே விற்பவள். புளித்த சோளமாவை உருட்டி, சோளமடலில் சுற்றி அவிக்கும் உருண்டை அது. ஊரின் காலைச் சாப்பாடே அவள் கடையில்தான் நடக்கும். வளையம் வந்த பிறகு ஆளுக்கு அரை உருண்டை வாங்கி, கீச்சு நின்றதும் பாதியை வைத்துவிட்டுப் போனார்கள். "என் கெங்கேயை மருந்து மாதிரி தின்னுறானுங்க," என்று அவள் அழுததை டெடே ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

ஊரில் கடைசிவரை வளையம் கட்டாதவள் அவள் ஒருத்திதான். மூன்று மாதத்துக்கு முன்னால், மொத்த ஊரும் கட்டிவிட்டால் தனக்குப் பதவி உயர்வு என்று மோத்தா கெஞ்சியதில் கையை நீட்டினாள். "கட்டிக்கிறேன் இஞ்சினியர். ஆனா இனி உன்கூடப் பேச்சு இல்ல. பண்டிகைக்கு மறுநாள் எல்லாரும் கோபத்தைத் தீத்துக்கிறது எங்க வழக்கம். அதுவரைக்கும் சேத்து வைக்கிறேன்." அன்றிலிருந்து அவள் வளையத்தின் கணக்கைக் கணினியில் பார்க்கும்போதெல்லாம் நாடித்துடிப்பு மட்டும் எப்போதும் அதிகமாகவே இருக்கும். என் மேல் உள்ள கோபம் என்று மோத்தா வருத்தப்பட்டுக்கொள்வான்.

சத்தமில்லாத மாதம் அற்புதமாக ஆரம்பித்தது. முதல் வாரம் ஊர் பழக்கத்தில் சாப்பிட்டது. இரண்டாம் வாரம் ஞாபகம் வந்தவர்கள் சாப்பிட்டார்கள். மூன்றாம் வாரம், காலையில் யாராவது கையில் கொடுத்தால் ஒரு வாய் கஞ்சி, சாயங்காலம் கண்ணில் பட்டால் ஒரு வாழைப்பழம். யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. எல்லாருக்கும் கன்ன எலும்பு எடுப்பாகத் தெரிந்தது, எல்லாரும் கண்ணாடியில் தங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். மீனவர்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். டெடேயின் வகுப்பில் அறுபது பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. "எனக்குப் பயமா இருக்கு அருள், ஒருத்தன்கூட ஒருத்தனைக் கிள்ளலை," என்றாள் அவள். "நல்லதுதானே," என்றான் இவன்.

மா அமெலேயின் கிடாகூடத் திருந்திவிட்டது. கர்னல் என்று பெயர் வைத்த அந்தக் கிடா அதற்கு முன் காயப்போட்ட துணி, தேர்தல் சுவரொட்டி, மோத்தாவின் ஒரு ஜோடித் தோல்செருப்பு எல்லாவற்றையும் தின்றது. இப்போது கெங்கேக் கொட்டகை வாசலில் கண்ணை மூடிப் படுத்துக்கிடந்தது. முன்னங்காலில் ஒரு சிவப்புத் துணிக்கட்டு. புண் என்று மாமியார் யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. வயசாகிவிட்டது போல என்று மோத்தா நினைத்தான்.

பூசாரி தெருவில் அவனைப் பார்த்து, இப்படி ஓர் அமைதியை நாற்பது வருடத்தில் கண்டதில்லை என்றார். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வாசுகி மேடம் போனில் பாராட்டினார். உலகத்திலேயே மிகத் திருப்தியான ஊர் ஒட்டோபாதானாம். பசி, பூஜ்யம். புகார், பூஜ்யம்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது மோத்தா புதுச்சட்டையைப் போட்டுப் பார்க்க லாம்டே டெய்லரின் கடைக்குப் போனான். சட்டைக்குள் இன்னொரு மோத்தா நுழையலாம் போலிருந்தது.

"என்ன அண்ணே, கூடாரம் மாதிரி தச்சிருக்கிய?"

லாம்டே அளவு நோட்டைத் தூக்கி மேசையில் போட்டார். கோபத்தில் ஓங்கிப் போட நினைத்து, சத்தம் கூடாது என்று ஞாபகம் வந்து, கடைசி நேரத்தில் மெதுவாக வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷமா தைக்கிறேன் தம்பி. ஒருத்தர் சொல்லலை, லாம்டே தச்சது லூசுன்னு. இந்த வாரம் மட்டும் எழுபது உருப்படி திரும்பி வந்திருக்கு. என் டேப் தப்பா, இல்ல ஊரே தப்பா? நீ படிச்சவன், நீயே பாரு."

மோத்தா பார்த்தான். மாத ஆரம்பத்தில் எடுத்த அளவு ஒரு பக்கம், இப்போது எடுத்த அளவு ஒரு பக்கம். படகுக்காரர் இரண்டு அங்குலம் குறைவு. தபால்காரர் மூன்று. பூசாரிக்கு இடுப்புத் துணி ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுகிறது. டெடேக்கு இரண்டரை. பக்கம் பக்கமாகக் குறைவு. ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் ஓர் அங்குலம் கூடியிருந்தது.

"மா அமெலேயா?"

"உன் மாமியாருக்கு மட்டும்தான் ரவிக்கையைப் பிரிச்சு விட்டேன்," என்றார் லாம்டே.

மோத்தா சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான். "அண்ணே, நீங்க கடைசியா எப்ப சாப்பிட்டிய?"

"திங்கக்கிழமை."

"இன்னைக்குத் திங்கள்தானே."

"இன்னைக்குத் திங்களா?" லாம்டே யோசித்தார். "அப்ப போன திங்களா இருக்கும். ஏன் கேக்கிறே, எனக்குப் பசிக்கலையே."

தான் எப்போது சாப்பிட்டோம் என்று மோத்தா யோசித்துப் பார்த்தான். நேற்று ஒரு பிஸ்கட் ஞாபகம் வந்தது. அது நேற்றா முந்தாநாளா என்று தெரியவில்லை. அப்போது பள்ளிக்கூடத்து ஆயா கடை வாசலுக்கு வந்து, கூச்சலிடக் கூடாது என்பதால், மிகவும் பதவிசாக, "டீச்சர் விழுந்துட்டாங்க," என்று கிசுகிசுத்தாள்.

டெடே கரும்பலகையில் பெருக்கல் எழுதிக்கொண்டே, சுவரோடு சறுக்கி உட்கார்ந்திருந்தாள். அறுபது பிள்ளைகளும் கையைக் கட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவனும் எழுந்து வரவில்லை, எழுந்திருக்கத் தெம்பில்லை. மோத்தா அவள் தலையை மடியில் எடுத்து வைத்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். தன் பொண்டாட்டியைத் தானே ஒரு பொத்தானால் பட்டினி போட்டுவிட்டோம் என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது. கண் திறந்த டெடே, "ஏன் அழறே?" என்றாள். "எனக்கு ஒண்ணும் பசிக்கலையே."

அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு நேராகப் பூசாரியிடம் ஓடினான்.

"சாமி, கீச்சைத் திரும்பப் போட்டாகணும். ஊரு சாப்பிட மறந்துட்டு."

பூசாரி மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். கண்ணைத் திறக்கவே நேரம் பிடித்தது. "இன்னும் பத்தே நாள். தெய்வங்களுக்கு இவ்வளவு சுத்தமான அமைதியை எங்க பரம்பரையில யாரும் குடுத்ததில்ல மோத்தா. கடைசி நேரத்துல கெடுக்காதே."

"சாமி, நீங்க கடைசியா எப்ப..."

"எனக்குப் பசிக்கலையே," என்றார் பூசாரி.

தண்டோரா போட்டுச் சொல்ல முடியாது, தடை. ஒலிபெருக்கி, தடை. வீடு வீடாகப் போய்க் கிசுகிசுத்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், தட்டை எடுத்தார்கள், ஒரு கவளம் வாயில் போட்டார்கள், மென்றுகொண்டே வேறு ஏதோ நினைத்து எழுந்து போனார்கள். வேண்டாத வாய்க்கு எது கொடுத்தாலும் சக்கைதான். ஒரு வழிதான் இருந்தது. வளையங்களையே மொத்தமாக அணைத்துப் பசியைத் திரும்ப விடுவது. வாசுகி மேடத்துக்குப் போன் போட்டான்.

"அணைக்கணுமா? எதுக்கு? பசி பூஜ்யம்னு இங்க காட்டுதே."

"மேடம், ஊரே இளைச்சுப் போச்சு."

"அதைத்தானே நாம விளம்பரத்துல சொல்றோம்? இதோ பாருங்க மோத்தா, ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. அணைச்சா உங்க வேலை போயிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது. அணைக்க மாட்டீங்க, சரியா?"

மோத்தா வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வார்த்தை வரவில்லை. போனை வைத்துவிட்டான்.

ஓர் அங்குலம் கூடிய ஒரே ஆளைத் தேடிக் கெங்கேக் கொட்டகைக்குப் போனான். கொட்டகைக்குப் பின்னால், புகைக்கு நடுவில், மா அமெலே தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழுசாக இரண்டு கெங்கே, பொரித்த மீன், அரைத்த மிளகாய். விரலை நக்கி, கண்ணை மூடி, அப்படி ஒரு சாப்பாடு. மூன்று வாரமாக ஒரு மனுஷர் இப்படிச் சாப்பிட்டு அவன் பார்க்கவில்லை. இடது கை வெறுங்கையாக இருந்தது.

"அத்தை, உங்க வளையம்?"

அவள் மெல்லுவதை நிறுத்தாமல், மோவாயால் கர்னலைக் காட்டினாள். மோத்தா குனிந்து கிடாவின் காலில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தான். உள்ளே சாம்பல் வளையம், சின்னப் பச்சை விளக்கோடு. மூன்று மாதமாக அவன் வருத்தப்பட்ட அந்த நாடித்துடிப்பு கர்னலுடையது.

"எப்படிக் கழட்டினிய? சாவி எங்கிட்டல்லா இருக்கு."

சபதத்தை நினைத்து அவள் கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு, "பாமாயில் தடவினா கழலாதது எது?" என்றாள். "அன்னைக்கே கழட்டிட்டேன். உனக்குப் பதவி கிடைக்கட்டும்னு கையை நீட்டினேன். அதுக்காக நான் பசியை விட்டுட முடியுமா? நான் சமைக்கிறவ. பசிக்காம எப்படி உப்புப் பார்ப்பேன்? இவனைப் பாரு, காலையும் மாலையும் நானே தழையை வாயில திணிக்கிறேன். இல்லேன்னா செத்திருப்பான்."

"அப்ப ஊரு இளைக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வாரமா ஒருத்தன் என் கடை வாசலை மிதிக்கலை. எனக்குத் தெரியாதா? போறவங்க வரவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். யாவாரம் ஆகலைன்னு கிழவி புலம்புறான்னு சிரிச்சுட்டுப் போனாங்க. என் மகளுக்கு ரெண்டு வேளை நானே ஊட்டினேன். நேத்து வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டா." அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "நீயா வருவேன்னு காத்திருந்தேன் இஞ்சினியர். உனக்கு இவ்வளவு நாளாச்சு."

மோத்தா புழுதியில் உட்கார்ந்துவிட்டான். "இப்பவே போய் அணைச்சிடுதேன் அத்தை. வேலை போனாப் போகட்டும்."

"இரு. நாலாயிரம் பேருக்கு ஒரே நிமிஷத்துல பசி வந்தா, ஊர்ல சோறு எங்கே இருக்கு? அடுப்பு எரியிற வீடு எத்தனை? ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுத் தின்பான்." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். கொட்டகைக்குள் இருந்த பெரிய பீப்பாய்களின் மூடியைத் திறந்து காட்டினாள். ஆறு பீப்பாய் மாவு, பொங்கிப் புளித்துத் தயாராக இருந்தது. "மத்த கெங்கேக்காரிங்க வீட்டுலயும் இருக்கு. நாலு நாளைக்கு முன்னாடியே ஊற வைக்கச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அணை. முதல்ல எல்லாருக்கும் கஞ்சி. காஞ்ச வயித்துல அதுதான் தங்கும். அப்புறம் கெங்கே."

"சத்தம் கேட்காதா?"

"மாவு கொதிக்கிறதுக்கு என்ன சத்தம்?" என்றாள். கொட்டகை வாசலில் திரும்பி, "இப்ப பேசினது சேத்தியில்ல. பண்டிகைக்கு மறுநாள் வரைக்கும் பேச்சு கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, ஊரின் முப்பத்திரண்டு கெங்கேக்காரிகளும் தெருமுனைக்கு ஓர் அண்டாவோடு நின்றார்கள். பத்து மணிக்கு மோத்தா சாவியைப் போட்டு, திரையில் ஒளிர்ந்த மூன்று எச்சரிக்கைகளையும் தாண்டி, ஊரை அணைத்தான்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கடகடப்பு கேட்டது. அடுத்து எதிர்வீட்டிலிருந்து. அவன் வயிற்றிலிருந்தே ஒன்று கிளம்பி அவனை நாற்காலியிலிருந்து தூக்கிப் போட்டது. சந்தில், கரையில், பள்ளிக்கூடத்தில் என்று நாலாயிரம் வயிறும் ஒன்றாக இரைய ஆரம்பித்தன. மூன்று வார அமைதியில் அந்த ஊர் அவ்வளவு பெரிய சத்தத்தைக் கேட்டதில்லை. கூச்சலிடக் கூடாது என்பதால் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அண்டாவை நோக்கி ஓடினார்கள். பள்ளிப் பிள்ளைகள் அறுபதும் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு வரிசையில் நின்றன. லாம்டே டெய்லர் கழுத்தில் டேப்போடு, கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

பூசாரி நூமோ டெட்டே கோலை ஊன்றி, தட்டுத் தடுமாறி ஆபீசுக்குள் வந்தார். "மோத்தா, இது என்ன சத்தம்?"

"வயிறு சாமி."

"சத்தத்துக்குத் தடை இருக்குன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? நான் உன்கிட்ட..." அவருடைய வயிறு குறுக்கே பேசியது. சின்னப் பேச்சில்லை, நீளமான பேச்சு. அது முடியும்வரை இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

பூசாரி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மாறியது. "எங்க முன்னோர் விதையைப் போட்டுட்டு விளையிற வரைக்கும் இந்த மாசம்தான் காத்துக்கிடந்தாங்க. அவங்களுக்குப் பேசத் தெம்பில்ல, அதான் இந்த அமைதியே வந்துச்சு. அப்ப ஊர்ல கேட்ட ஒரே சத்தம் இதுவாத்தான் இருந்திருக்கும். தெய்வங்களுக்கு இது புதுசு இல்ல." கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கஞ்சி எந்தத் தெருவுல குடுக்கிறாங்க?"

அந்த வருட ஹோமோவோவைப் போல ஒன்றை ஒட்டோபா பார்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். தடை நீங்கியதும் முரசு கிழிந்தது. பூசாரி தெருத் தெருவாகப் புட்டை இறைத்து முன்னோரைக் கூப்பிட்டார். கீச்சு எதுவும் குறுக்கே வரவில்லை. பசியைப் பார்த்து ஊளையிடும் நேரம் வந்தபோது கிழவர்கள்கூடத் தொண்டை வறள ஊளையிட்டார்கள். முந்தின வருடங்களில் அது செத்த பாம்பை அடிப்பது மாதிரி இருந்தது. இப்போது எல்லாருக்கும் பசியின் முகம் தெரியும்.

அன்று காலை மோத்தாவுக்கு நிறுவனத்திலிருந்து இரண்டு உறைகள் வந்திருந்தன. ஒன்று, அவனை வேலையிலிருந்து நீக்கியிருப்பதாக. இன்னொன்று, ஊரே வளையத்தை உதறிய பிறகும், எப்படியோ அணையாமல் மிஞ்சிய ஒரே ஒரு வளையத்தில் பசியின்றி நிம்மதியாக வாழ்ந்துவரும் திருமதி மா அமெலே அவர்களுக்கு, உலகின் மிகத் திருப்தியான பயனாளர் என்ற நற்சான்றிதழ். மோத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் போய்க் கர்னலின் வளையத்தையும் அவிழ்த்தான். கர்னல் எழுந்து உடம்பை உதறியது, சுற்றுமுற்றும் பார்த்தது, முதல் வேலையாகத் தன் சான்றிதழைத் தின்றது.

மத்தியானம் குடும்பம் கூடியது. முற்றத்தின் நடுவில் பாயை விரித்து, இருவர் தூக்கிவந்து சட்டியை வைத்தார்கள். குழம்பின் வாசனை மோத்தாவின் வயிற்றைப் பிடித்து இழுத்தது. ஆனால் அவன் கண் வேறிடத்தில் இருந்தது. சுவரோரத்தில், வழக்கமான இடத்தில், வழக்கமான பீங்கான் தட்டு மூடி வைத்திருந்தது. வேலை போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் அதன்முன் உட்கார்ந்து மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு கை பச்சைத்தழை இருந்தது.

மா அமெலே அவனைப் பார்க்காமல் மகளிடம் சொன்னாள்: "டெடே, உன் புருஷன்கிட்ட சொல்லு. அது கர்னலுக்கு வச்சது. ஆட்டுச் சாப்பாட்டுல கை வைக்க வேண்டாம்."

டெடே நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். மோத்தா எப்படி எழுந்தான், எப்படி வந்து உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. சட்டியில் பத்துக் கை விழுந்தது. அவன் ஒரு நொடி, பழைய பழக்கத்தில், பெரியவர்கள் எடுக்கட்டும் என்று பார்த்தான். அவன் வயிறு அவனை அதட்டியது. மச்சானின் முழங்கையைத் தள்ளி, மாமியாரின் கைக்குக் கீழே புகுந்து, மேலே கிடந்த பெரிய மீன் துண்டை அள்ளிவிட்டான்.

வாய்க்குப் போகவில்லை. பாதி வழியில் மா அமெலேயின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது, வளையம் இருந்து தழும்பான அதே இடத்தில். இன்னொரு கையால் மீனைப் பிடுங்கி, அவன் முகத்துக்கு நேராகவே வாயில் போட்டுக்கொண்டாள்.

விருந்தாளியிடம் யாரும் பிடுங்கித் தின்ன மாட்டார்கள். இது உறைத்ததும் மோத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அத்தை, அது எம் மீனு!" என்று முற்றமே அதிரக் கத்தினான்.

மா அமெலே முள்ளைத் துப்பினாள். பேசாமல் இருக்க இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அவள் அதை மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருந்தாள். இன்னொரு துண்டு மீனைக் கையில் எடுத்து, உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"உன் மீனா? அப்ப வந்து பிடுங்கிக்கோ, மகனே."

அவன் சரி என்று சொல்லவில்லை. பிடுங்கினான்.